மூல நட்சத்திரத்தை நேரில் பார்த்தோம்

1

நூலகத்தில் புத்தகம் மட்டும்தான் கொடுப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆக்லாந்தில் தையல் மெஷின் கொடுக்கிறார்கள், சுவரில் துளை போடும் மெஷின் கொடுக்கிறார்கள், கேக் அச்சுகூடக் கொடுக்கிறார்கள். கார்டைக் காட்டி வாங்கிப்போய், வேலை முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னோடு காய் நறுக்குகிறவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வானத்தில் தெரிவது எந்த நட்சத்திரம், எந்தக் கிரகம் என்று சொல்லும் கைக்கருவி ஒன்றும் அங்கே இருக்கிறது என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் கத்தியை வைத்துவிட்டு, "நிஜமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

அன்று சாயங்காலமே போனேன். நான் பாலக்கரையில் பத்தாவது வரை படித்தவள். வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் வரும். அதற்கு மேல் பேச வேண்டியிருந்தால் முதலில் மனசுக்குள் தமிழில் கோத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வார்த்தையாக மாற்றி வைப்பேன். அன்றும் அப்படித்தான். மேஜையில் இருந்த வெள்ளைக்கார அம்மாவிடம், "என் மகளுடைய நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு அந்தக் கருவி வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயாம் ஸோ சாரி" என்றார். கருவியை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்களாக்கும் என்று நினைத்து, "பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்" என்றேன். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்து பையில் போட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

இந்த நாட்டில் முகவரிக்குக் கரண்டு பில் காட்டாமல் ஒரு காரியம் நடக்காது. எனக்கு மட்டும் இப்படிக் கதவு திறக்கிறதே, பெருமாள் சித்தம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் கௌரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். இங்கே யாராவது செத்துப்போனால், வானத்தில் நட்சத்திரமாகிவிட்டார்கள் என்று சொல்லித் தேற்றுவார்களாம்.

"அம்மா, நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சிருக்காங்க" என்றாள்.

அவள் வாயைப் பொத்தினேன். உடனே உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய்ப் புகைக்குக் கூரையில் இருக்கிற அலாரம் அடிக்க ஆரம்பித்து, என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து விசிறி விசிறி அதை நிறுத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளுடைய நட்சத்திரத்தை நான் பார்க்க ஆசைப்பட்டதும் ஒரு உயிரைப் பற்றிய பயத்தினால்தான்.

2

கௌரிக்கு நட்சத்திரம் மூலம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சின்ன வயசுப் பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று ஒரு பேச்சு உண்டு. மூல நட்சத்திரத்துப் பெண் வாழப்போகிற வீட்டில் மாமனார் உயிருக்கு ஆகாது என்பார்கள். கௌரி திருச்சியில்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் குழந்தையைக் கையில் வாங்கும் முன்னால் நர்ஸிடம் நேரம் கேட்டார். வராந்தாவில் தொங்கிய காலண்டரில் அன்றைய தாளைப் பார்த்தார். திரும்பி வந்து, "மூக்கும் முழியுமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். நட்சத்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் நாள் நட்சத்திரம் பார்க்காதவள் இல்லை. சந்திராஷ்டமம் என்றால் இங்கேகூடப் புதுச் சாமான் வாங்க மாட்டேன். அகிலாண்டேஸ்வரி படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமல் வேலைக்குக் கிளம்பியதில்லை. அதனால் இதெல்லாம் சும்மா என்று தள்ளிவிட எனக்கு வராது. அதே சமயம், பெற்ற பெண்ணை இன்னொருவர் உயிருக்கு ஆகாதவள் என்று சொன்னால் அதைத் தாங்கிக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவிலேயே அவளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். கேட்டுப்பார்த்த இரண்டு மூன்று இடங்களில் ஜாதகம் போனதும் போனே வராது. கௌரிக்கு அதெல்லாம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவளே சரவணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இங்கே தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் பரிமாறும்போது பழக்கமாம். பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். எந்த ஊர் தம்பி என்று என் வீட்டுக்காரர் கேட்க, ஸ்ரீரங்கம் என்றான். இந்தக் கடல் எல்லாம் தாண்டி வந்து, காவேரிக்கு அந்தக் கரையில் ஒரு மாப்பிள்ளையா என்று அவர் அன்றிரவு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சரவணனின் அப்பா ராமலிங்கம், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா பெயர் விஜயா. வீடு அம்மா மண்டபம் பக்கம். போனில் விஜயா அக்காவும் நானும் ஒரு வாரம் பேசிச் சிரித்தோம். பாலக்கரையில் எங்கள் சந்து முனையில் இருந்த வளையல் கடை அவருக்கும் தெரியும். அதன் பிறகு ஜாதகம் கேட்டார். அனுப்பினேன். போன் நின்றுபோனது.

நானே ஒரு நாள் கூப்பிட்டேன். அந்த அக்கா மழுப்பவில்லை, சண்டை போடவும் இல்லை. ராமலிங்கம் ஐயாவுக்குப் போன தை மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி அழுதார்.

"உங்க பொண்ணக் கொறை சொல்லலங்க. எனக்கு இவரு ஒருத்தர்தான். மூலம்னு பார்த்ததுலேருந்து ராத்திரில இவரு மூச்சு விடுறதக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் படுத்திருப்பேன். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆறலாம்.

சரவணன் அம்மாவை அழவைத்துத் தாலி கட்ட மாட்டேன் என்றான். கௌரியை விடவும் மாட்டேன் என்றான். கௌரி வேலையிலிருந்து லேட்டாக வர ஆரம்பித்தாள். என்னம்மா என்றால், "ஐ ஆம் ஃபைன்" என்பாள். சின்ன வயதில் வாய் ஓயாமல் தமிழ் பேசியவள். துக்கம் வந்தால் இங்கிலீஷுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்தக் கதவைத் தட்ட எனக்கு வார்த்தை போதாது.

ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "மூலம்னா எது அம்மா? வானத்துல எது?"

எனக்குத் தெரியவில்லை. பாலக்கரையில் வானம் என்பது இரண்டு மாடிக்கு நடுவே கேபிள் ஒயர் ஓடுகிற ஒரு துண்டு. நட்சத்திரம் எங்களுக்குத் தினசரிக் காலண்டரில்தான் உதிக்கும். மறுநாள் காலையில் கிழித்துப் போடுவோம். முகமே தெரியாத ஒருத்தரைப் பற்றி இத்தனை வருஷம் புறணி பேசினதுபோல் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

3

அந்தக் கருவி பழைய வீடியோ காமிராவைக் குட்டையாக நறுக்கியதுபோல் இருக்கும். ஒரு துவாரம் வழியாக வானத்தைப் பார்த்து பட்டனை அழுத்தினால், எதிரே இருப்பது என்ன என்று எழுத்தில் காட்டி, வாயாலும் சொல்லும். இல்லாவிட்டால் நாம் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், துவாரத்துக்குள் சிவப்பு அம்புகள் எரிந்து, மேலே போ, இடது பக்கம் போ என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். சேர வேண்டிய இடம் வந்ததும் எல்லா அம்பும் ஒன்றாக எரியும். இப்போது போனிலேயே இதெல்லாம் வந்துவிட்டதாம், அதனால் யாரும் கருவியை எடுப்பதில்லையாம். எனக்கு இதுவே பிடித்திருந்தது. போனில் பார்த்தால் படத்தைத்தான் பார்ப்போம். இதில் நட்சத்திரத்தையே பார்க்கிறோம்.

பட்டியலில் மூலம் இல்லை. அசுவினி, பரணி ஒன்றும் இல்லை. எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். கௌரி போனில் 'மூலம்' என்று தமிழில் எழுதித் தேடினாள். முதலில் வந்தது 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு'. அவளுக்குப் புரியவில்லை. என்னம்மா இது, நட்சத்திரத்துக்கு எதுக்கு ஆயின்மென்ட் என்றாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்திரம் பஸ் ஸ்டாண்டு சொவத்துல இருந்ததெல்லாம் இங்கயும் வந்துருச்சா" என்றார். எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

அப்புறம் அவள் சரியாகத் தேடிக் கண்டுபிடித்தாள். வெள்ளைக்காரர்கள் அதை ஷவுலா என்கிறார்கள். எனக்கு ஷீலா என்றுதான் வந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் அது ஷீலாதான்.

நம்ம ஊரில் ஆனி, ஆடி என்றால் இங்கே கடுங்குளிர் காலம். சீக்கிரம் இருட்டிவிடும். குல்லாவும் ஸ்வெட்டருமாகக் கொல்லைப்புறம் போனோம். இரும்பு பக்கத்தில் இருந்தால் கருவி தடுமாறும் என்பதால் துணி உலர்த்தும் கம்பத்தைவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள் கௌரி. அம்பு மேலே காட்டியது. உயர்த்தினேன். இன்னும் மேலே காட்டியது. கழுத்து வலிக்கிறது, இன்னும் மேலே என்கிறது. கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராகப் போனபோது எல்லா அம்பும் எரிந்தன.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்று கொஞ்சம் பெரிது. அக்கா தங்கை கைகோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அதில் பெரியதுதான். நான் எதையோ பயங்கரமாக நினைத்து வைத்திருந்தேன். அது சுத்தமாகக் கழுவித் துடைத்தது போல நின்றுகொண்டிருந்தது. கருவியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினேன். தாயே, உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் வேறு மாதிரி இருந்தது என்று மனசுக்குள் சொன்னேன்.

ஊரில் இது தெற்கே பாதி உயரத்தில்தான் தெரியுமாம். நாம் பூமியில் இவ்வளவு கீழே வந்துவிட்டதால் தலைக்கு மேலே வந்துவிட்டதாம். கௌரி விளக்கினாள். அப்படியென்றால் இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இது எங்கள் ஓட்டுக்கு நேர் மேலே நின்றிருக்கிறது. நாங்கள் கீழே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

"இது ஸ்கார்ப்பியன் அம்மா. தேள். உன் மூலம் அதோட கொடுக்கு" என்றாள்.

தனுசு ராசிக்காரிக்குத் தேள் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது அவங்க கணக்கு என்றாள். என்ன கணக்கோ இருக்கட்டும், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் முன்னால் கொடுக்கு என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

4

ஆடி முடியட்டும், ஆவணியில் ஒரு தடவை நேரில் வாருங்கள், எப்படி முடிந்தாலும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று விஜயா அக்கா சொன்னார். கருவியைப் பற்றிச் சரவணன் சொல்லித் தெரிந்துகொண்ட ராமலிங்கம் ஐயா போனை வாங்கி, அந்த மிஷினையும் கொண்டுவாங்க என்றார்.

"என்னயக் கொல்லப் போவுதுன்னு சொல்றாங்களே, அத நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

பின்னால் அந்த அக்கா அவரை அதட்டுவது கேட்டது.

கௌரிக்கு இந்த நாட்டு பாஸ்போர்ட். அதனால் பிறந்த ஊருக்குப் போக அவளுக்கு விசா வேண்டும். பிறந்த இடம் என்று கேட்கிற கட்டத்தில் திருச்சிராப்பள்ளி என்று எழுதினாள். போகும் காரணம் என்ற கட்டத்தில் சுற்றுலா என்று எழுதினாள். வேறு எழுத அங்கே வழியில்லை.

கருவியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கவும், என் தப்பைத் திருத்திக்கொள்ளவும் நூலகத்துக்குப் போனேன். கௌரியையே கூட்டிப்போய் நிறுத்தி, இவள்தான் அந்த மகள் என்றேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, பிறகு கௌரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விதிமுறைத் தாளை மேலும் கீழும் படித்தார். தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, நாட்டைத் தாண்டக் கூடாது என்று போடவில்லை, கொண்டுபோங்கள் என்றார்.

திருச்சியில் இறங்கி என் அண்ணன் வீட்டில், பாலக்கரையில் தங்கினோம். அண்ணனுக்குச் சாமர்த்தியம் ஜாஸ்தி. ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வேறு ஜாதகம் எழுதிவிடலாம், முதலில் அனுப்பியது தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"முன்னால தள்ளினா கேட்டைண்ணே. அது மூத்தாருக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. பின்னால தள்ளினா பூராடம். அதுக்குக் கழுத்துல தாலி நூலாடாதுங்கறாங்க. எங்கண்ணே தள்றது?" என்றேன்.

அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா, மூணு வீடும் ஒரே தெருவுல இல்ல இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். தள்ள இடம் இருந்திருந்தாலும் எனக்கு மனசு வந்திருக்காது. கண்ணால் பார்த்துக் கும்பிட்ட பிறகு அதை இல்லை என்று சொல்ல முடியுமா?

5

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனோம். சரவணன் முன்னதாகவே லீவில் வந்திருந்தான். விஜயா அக்கா வாசலில் வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கௌரியிடம் பேசும்போது அவர் கண் அவளைத் தாண்டிப் பின்னால் எங்கேயோ பார்த்தது. அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'பொண்ணுக்குக் காபில சக்கரை போதுமா' என்று என்னிடம்தான் கேட்டார்.

ராமலிங்கம் ஐயாவுக்கு உட்காரப் பொறுமையில்லை. நன்றாக இருட்டியதும், மேகம் வரும் முன்னால் மாடிக்குப் போவோம் என்று எழுந்துவிட்டார். படியில் சரவணன் அவருக்குப் பின்னாலேயே ஏறினான். விஜயா அக்கா கடைசியாக வந்து, மாடிக் கதவைத் தாண்டாமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

மேலே ஒரு மாடி கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் மூலைக்கு மூலை நீட்டிக்கொண்டிருந்தன. ஐயா ஒரு மூலையில் நின்று, சிவப்பாக ஒன்று தெரிகிறதே என்று அதைப் பார்த்து பட்டனை அழுத்தினார். கருவி ஏதோ சொன்னது.

"என்னடா சொல்லுது?"

"செவ்வாய்ங்குதுப்பா" என்றான் சரவணன்.

"மூலத்தப் பார்க்க வந்தா செவ்வாயும்ல வந்து நிக்குது. தோஷம் மொத்தமும் நம்ம மாடிலதானா?"

விஜயா அக்காகூடச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அது செல்போன் டவர் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கு. கம்பி இருப்பதால் கருவி குழம்புகிறது என்று கௌரி அவரை மாடி நடுவுக்குக் கூட்டி வந்து தெற்குப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். தெற்கே காவேரி, அதற்கு அப்பால் மலைக்கோட்டை விளக்கு. நெஞ்சுவலிக்குப் பிறகு அவருக்குக் கை நடுங்குகிறது. கௌரி அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மலைக்கோட்டைக்கு மேலே ஓரிடத்தில் அவர் அசையாமல் நின்றார்.

இரண்டு ஒட்டிக்கொண்டு தெரிகிறதே என்றார். அதில் பெரியது என்றாள் கௌரி. கருவியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம், வானத்துப் படத்தில் இது எதனுடைய எந்தப் பாகம் என்று கேட்டார்.

சந்தோஷத்தில் அவளுக்கு என்னிடம் செய்த சத்தியம் மறந்துவிட்டது. "தேளோட கொடுக்கு, அங்கிள்."

பாலத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது. விஜயா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். கௌரி என்னைப் பார்த்தாள். இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ராமலிங்கம் ஐயா மறுபடியும் கருவியைக் கண்ணில் வைத்தார்.

"கொடுக்கா? எனக்கு அப்படித் தெரியலியே. மேலேருந்து எறங்கி வளைஞ்சு நுனி மறுபடி ஏறுது பாரு. கிரேன் கொக்கி மாதிரில்ல இருக்கு" என்றார்.

பொன்மலையில் அவருக்கு வேலை, பழுதுபார்க்க வந்த ரயில் பெட்டியைக் கிரேனில் தூக்கி அடியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுகிற இடத்தில். சர்வீஸ் முழுக்கத் தலைக்கு மேலே கொக்கி தொங்கிக்கொண்டே இருக்குமாம். அதற்குக் கீழே நின்றுதான் இவனைப் படிக்க வைத்தேன், ஒரு நாளும் என் மேல் விழவில்லை என்று சரவணனைக் காட்டிச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கருவியைக் கௌரி கையில் கொடுத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"விஜயா, இங்க கேளு. எனக்கு ஒரு நாள் ஆகத்தான் போவுது. அது இந்த நெஞ்சுல இருக்கிற அடைப்பாலதான். டாக்டர் படம் எடுத்தே காட்டினாரு. அன்னிக்கு ஊரு சனம் வந்து இந்தப் பொண்ணப் பார்த்து ஒரு மாதிரி பேசும். நீ பேசக் கூடாது. பேச மாட்டேன்னு இப்பச் சொல்லு, கல்யாணத்த வெச்சுப்போம். சொல்ல முடியலன்னா இவங்கள அலைய விட வேணாம். பழி சுமக்கறதுக்குன்னு ஒரு பொண்ணக் கூட்டிட்டு வரக் கூடாது."

இத்தனை நாளாக, அவர்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சரி என்று சொன்ன பிறகு வரப்போகிற அந்த ஒரு நாளை நான் யோசிக்கவே இல்லை. என் மகளுக்காக அதை யோசித்தவர் அவர்தான்.

விஜயா அக்கா நின்ற இடத்திலேயே அழுதார்.

"அந்த நாள என் வாயால சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

6

நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அக்கா மாவை எடுத்துத் தோசை ஊற்ற ஆரம்பித்தார். நான் தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்தேன்.

அந்த அக்கா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்: "நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் கைகூடிவிடும் என்று எனக்குத் தோன்றியது. என் அண்ணன் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அடுக்களை மாடத்தில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் வரவில்லை.

"மாட்டேன்க்கா. எங்க வீட்டுக்காரர வெச்சு அப்படி ஒரு வார்த்த எனக்கும் வராது" என்றேன்.

அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். இந்த மனுஷனுக்கு எல்லாம் விளையாட்டாகப் போய்விட்டது என்று முணுமுணுத்தார். ஆம்பளைங்களுக்குப் பயத்தைப் பக்கத்தில் படுக்கப் போட்டு ராத்திரியெல்லாம் காவல் காக்கிற வேலை இல்லையே என்று நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, அதில் அப்படி என்னதான் தெரிந்தது என்று கேட்டார். இரண்டு நட்சத்திரம், சுத்தமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை என்றேன். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம் என்றார். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி அகிலாண்டேஸ்வரி விட்ட வழி என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேசினார், காவேரியில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. கௌரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிட்டாள். தேள் என்று சொன்னதை நினைத்து உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சரவணன் அவள் பக்கமே பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து கௌரி தட்டுகளை அடுக்கி எடுத்தாள். விஜயா அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"கௌரி."

அவள் தட்டோடு நிமிர்ந்தாள்.

"அந்த அலமாரில நீலக் கலர்ல ஒரு டப்பா இருக்கு பாரு. அதுல மாமாவுக்கு ராத்திரி மாத்திர இருக்கு. எடுத்துக் குடும்மா."

சரவணன் சட்டென்று தலையைத் தூக்கி அவன் அம்மாவைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த டப்பாவை விஜயா அக்காவைத் தவிர யாரும் தொட்டது கிடையாதாம். இவன் தொட்டால்கூட, மாற்றி வைத்துவிடுவாய், போ என்று விரட்டுவாராம். இதை அவன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

கௌரிக்கு ஒன்றும் தெரியாது. அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் டப்பாவைத் திறந்தாள். அட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"ஆன்ட்டி, இதுல ரெண்டு இருக்கு. ரெண்டும் சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"ரெண்டும் அப்புறந்தான். சின்னதப் பாதியா உடைச்சுக் குடு. நாளப்பின்ன நான் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன், நீயே ஞாபகம் வெச்சுக்கணும்."

கௌரி நகத்தால் அழுத்தி மாத்திரையை உடைத்தாள். ராமலிங்கம் ஐயா மனைவியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.